ஜன்னல் எந்தப் பக்கம்

இந்தக் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை. அப்பா சொன்னது. அப்பாவுக்குச் சொன்னவர் சுப்புக்குட்டி என்ற பேருந்து ஓட்டுநர். அவர் பாதியை நேரில் பார்த்திருக்கிறார். மீதியை அவருடைய நடத்துநரே பிற்பாடு அவரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆகையால் பேச்சு ஒவ்வொன்றும் இப்படியே நடந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நடந்தது நடந்ததுதான்.

அன்று அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் விசிறியைத் தேடப் போய்விட்டார்.

*

லாட்டரிச் சீட்டு ஊர் ஊராக விற்ற காலம் அது.

பேருந்து நிலையத்தில் கடைக்குக் கடை கயிறு கட்டிச் சீட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பேருந்து உள்ளே நுழையும்போது அடிக்கும் காற்றில் எல்லாம் சேர்ந்து சரசரக்கும். சாயங்காலம் முடிவு அச்சடித்த தாள் வந்துவிட்டால் டீக்கடையில் டீ ஆறிப்போகும்.

தென்காசிப் பக்கம் ஒரு குளத்து மடையோரம், இலுப்பை மரத்தடியில் வெயிலுகந்தம்மா இருந்தார். நாற்பது வயது இருக்கும். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

அவரிடம் ஞானம் கேட்டு வந்தவர்கள் குறைவு. எண் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

ஒருநாள், "அஞ்சாறு நாளா காத்தே இல்ல" என்று சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். அன்று தென்காசியில் ஐம்பத்தாறில் முடியும் சீட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து அவர் எண் கலக்காமல் பேசப் பழகிக்கொண்டார். "ஒரு வாய் தண்ணி கொடுங்க" என்றுகூடக் கேட்கமாட்டார். "தண்ணி" என்பார்.

கூட்டம் கலைந்துவிடவில்லை. வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கியது. எத்தனை தடவை இருமினார், எத்தனை ஈயை விரட்டினார் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆவுடையப்பன் மட்டும் எண் கேட்டதில்லை.

அவரிடம்தான் ஏற்கெனவே ஒன்று இருந்ததே.

*

ஆவுடையப்பன், சுப்புக்குட்டி ஓட்டிய தனியார் பேருந்தில் நடத்துநர். ஐம்பத்திரண்டு வயது. இருவருக்கும் வியாழக்கிழமை வார ஓய்வு. நாலு மாதமாக ஒவ்வொரு வியாழனும் வந்து, வெயிலுகந்தம்மாவின் பானைக்கு மடையிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

அந்த வியாழன் வாயைத் திறந்தார்.

"அம்மா, இதை என்னால விட முடியல."

வெயிலுகந்தம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதை?"

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். அன்று சாயங்காலக் குலுக்கலுக்கு உரியது. கடைசி மூன்று எண்கள் 417.

"விட்டுர வேண்டியதுதானே."

"விட்டா அந்த வாரமே விழுந்துரும்மா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பதினோரு வருஷமா 417-ல முடியுற சீட்டு. ஒரு வாரம் தப்பினதில்ல. மஞ்சக்காமாலையில கிடந்தப்பக்கூட ஆள் விட்டு வாங்கியிருக்கேன். இத்தனை நாள் வாங்கிட்டு, விட்ட வாரம் பார்த்து விழுந்துதுன்னா? அப்புறம் எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?"

"இப்ப வருதா, அண்ணாச்சி?"

அவர் சீட்டைத் தடவி நேராக்கினார்.

"அதுவும் இப்பக் கிட்ட வந்துட்டும்மா. போன ஆடியில 407. பொங்கல் சமயம் 427. போன மாசம் பாருங்க, 418! ஒரே ஒரு எண்தான் தள்ளி. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. கிட்டக் கிட்ட வருதும்மா."

"நடந்தா வருது?"

கூட்டத்தில் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "நடக்கதுன்னா ரெண்டு கால்" என்று முணுமுணுத்து, சிகரெட் அட்டையில் 2 என்று எழுதிக்கொண்டார்.

*

"விடணும்னு எதுக்கு இப்ப அவசரம்?" என்றார் வெயிலுகந்தம்மா.

"உலகம்மா அண்ணன் வீட்டுக்குப் போயி நாலு மாசம் ஆகுது."

உலகம்மாள் அவருடைய மனைவி.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவ அண்ணன் வண்டி பிடிச்சிட்டு வர்றாராம். அவ தையல் மிஷினை ஏத்திட்டுப் போகப் போறாராம். சேலையெல்லாம் விட்டுட்டுப் போனவ, மிஷினைக் கேட்டு அனுப்பிட்டா. மிஷின் போயிட்டா அவ போன மாதிரிதாம்மா."

"சீட்டை விட்டா வருவேன்னு சொன்னாங்களா?"

"சொல்லணுமா? அதுதானே சண்டை."

"என்ன சொன்னாங்க?"

ஆவுடையப்பன் தயங்கினார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் கீரைக் காம்புகளை எண்ணிக்கொண்டிருந்தது.

"சீட்டு வாங்குறதை விட்டுட்டேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன். அக்கம்பக்கத்துல கேலி பண்ணாங்க. 'என்ன கண்டக்டரே, பங்களா எதுவரைக்கும் வந்திருக்கு'ன்னு. எனக்கு வெக்கமாப் போச்சு. விட்டுட்டேன்னு சொல்லிட்டு, தெரியாம வாங்கித் தோல்பையில வெச்சிருந்தேன். ஒருநாள் பையைத் தொடைக்க எடுத்தவ பார்த்துட்டா. நாப்பத்து மூணு சீட்டு."

"ஏசினாங்களா?"

"ஏசலம்மா. எல்லாத்தையும் வரிசையா அடுக்கி வெச்சா. 'இந்த நாப்பத்து மூணு வாரமும் யாரோட சேர்ந்து வீடு கட்டினீங்க?'ன்னா. அவ்வளவுதான். மறுநாள் போயிட்டா."

வெயிலுகந்தம்மாவின் கை கீரையில் நின்றது.

"யாரோடன்னு கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்? என்னைப் போயிச் சந்தேகப்பட்டுட்டா. எனக்கு எவளையும் தெரியாது. வண்டி விட்டா வீடு. உங்க காலைத் தொட்டுச் சொல்லுதேன்."

கூட்டத்திலிருந்து சுப்புக்குட்டி குரல் கொடுத்தார். "அதுக்கு நான் சாட்சி! இவரை எவ பார்க்கப் போறா? சில்லறை இல்லன்னா பொம்பளையாளு, ஆம்பளையாளு பார்க்காம இறக்கி விட்டுருவாரு."

"நீ சும்மா கிட வே."

*

வெயிலுகந்தம்மா பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். யாரோ காணிக்கையாக வைத்துவிட்டுப் போனது.

"இதுவும் இன்னைக்குச் சாயங்காலத்துக்கு உள்ளதுதான். இதை வெச்சுக்கிடுங்க. உங்களுதை எனக்குக் கொடுங்க. கூட இந்த வாழைப்பழச் சீப்பையும் எடுத்துக்கிடுங்க."

ஆவுடையப்பன் சீட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"எது விழும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் வெயிலுகந்தம்மா.

"தெரியாதும்மா."

"அதுவும் தாள், இதுவும் தாள். இதுக்குப் பழமும் கிடைக்கு."

"அது... என்னுது இல்லையேம்மா."

"இது மட்டும் எப்படி உங்களுதாச்சு?"

அவர் குளத்தைப் பார்த்தார். குளத்தில் தண்ணீர் நடுவில் மட்டும் கிடந்தது. ஓரமெல்லாம் மணல். கொக்குகள் நின்றன.

"அப்ப எனக்குக் கல்யாணமாகல. கடையநல்லூர் ட்ரிப்பு. சந்தைக் கூட்டம். ஒரு பெரியவரு சேப்பங்கிழங்கு மூட்டையோட ஏறினாரு. பின்னாலயே அவரு மக, உலகம்மா. ரெண்டு டிக்கெட் கிழிச்சேன். முதல்ல அவருக்கு. அடுத்த எண் அவளுக்கு. இறங்கும்போது அவ டிக்கெட்டைக் கீழ போட்டுட்டுப் போயிட்டா. எடுத்துப் பார்த்தேன். 417-ல முடிஞ்சுது."

"அதை எதுக்கு எடுத்தீங்க?"

ஐம்பத்திரண்டு வயதில் ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது.

"சும்மாதான்" என்றார்.

*

"வீடு எப்படி இருக்கும்?" என்றார் வெயிலுகந்தம்மா.

"எந்த வீடு?"

"விழுந்தா கட்டுற வீடு."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். அந்த நாலு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்ததாகச் சுப்புக்குட்டி அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

"அது பெரிய கூத்தும்மா. புதன்கிழமை வேலை முடிஞ்சு சீட்டோட போவேன். நாங்க இருந்தது ஒத்தை ரூம். பஸ் ஷெட்டுக்குப் பின்னால. அவ மாசக் காலண்டரைக் கிழிச்சு, பின்பக்கத்துல பென்சிலால கோடு போட ஆரம்பிச்சிருவா. இது வாசல், இது பட்டாசாலைக் கூடம், இது மிஷின் போடுற இடம்னு. எங்க அக்காவுக்கு ஒரு ரூம் வேணும்னேன். 'உங்க அக்காவுக்கு வேணும்னா மாமரத்துல ஊஞ்சல் கட்டித் தர்றேன், வந்தமா ஆடினமான்னு போகட்டும்'னுட்டா."

கூட்டத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"ஜன்னலுக்காக மூணு நாள் பேசாம இருந்திருக்கோம். இல்லாத வீட்டுக்கு, இல்லாத ஜன்னல்! பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சமாதானம் பண்ணி வெச்சாங்க."

"விழலன்னா?"

"வியாழக்கிழமை முடிவைப் பார்த்துட்டு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வருவேன். அவ ஏன்னுகூடக் கேக்கமாட்டா. 'சரி, மேஸ்திரியை அடுத்த வாரம் வரச் சொல்லிருங்க'ம்பா. அப்புறம் சாப்பிட உக்காருவோம்."

"நல்லா இருந்துச்சா?"

"அதெல்லாம் ஒரு காலம்மா."

"நாப்பத்து மூணு சீட்டு" என்று கூட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்கு நினைவுபடுத்தினார். "43. குறிச்சுக்கோ."

"அது அவரு சொன்னதுல்லா. அம்மா சொன்னாத்தான் கணக்கு."

*

வெயிலுகந்தம்மா ஒரு காய்ந்த குச்சியை ஆவுடையப்பனிடம் நீட்டினார். குளத்து மணலைக் காட்டினார்.

"வரைங்க."

காற்று அடித்தது. சீட்டு பறந்துவிடாமல் ஒரு கூழாங்கல்லை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, ஆவுடையப்பன் மணலில் இறங்கினார்.

வாசல் போட்டார். மூன்று படி போட்டார். முன்கதவு, பின்கதவு. பட்டாசாலை. மிஷின் போடும் இடத்தில் ஒரு சின்னச் சதுரம். மாமரத்துக்கு ஒரு வட்டம். வட்டத்தின் கீழே ஊஞ்சலுக்கு ஒரு கோடு.

கூட்டம் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டது.

"படி மூணு!"

"கதவு ரெண்டு. பின்கதவையும் சேர்த்துச் சொல்லுதேன்."

"ஜன்னல்?"

"ஜன்னல் ஒண்ணையும் காணோமே."

"அப்ப சைபர். மூணு, ரெண்டு, சைபர்! 320!"

பத்துப் பன்னிரண்டு பேர் கரையேறி ஓடினார்கள். சுப்புக்குட்டியும் ஓட நினைத்தார். ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

ஆவுடையப்பன் அடுப்படிக்கு வந்திருந்தார். குச்சி நின்றுவிட்டது.

"இங்கதான் ஜன்னல் கேட்டா."

"வைங்க."

"எந்தப் பக்கம்னு..."

கிழக்கே கொண்டு போனார். அழித்தார். மேற்கே கொண்டு போனார். மேற்கே மலை தெரிந்தது. குச்சியை எடுத்துவிட்டார். வெயிலில் நெற்றி வேர்த்து மூக்கில் வழிந்தது.

"மூணு நாள் பேசாம இருந்தோமே. நான் ஒரு பக்கம் சொன்னேன். அவ ஒரு பக்கம் சொன்னா. யாரு எதைச் சொன்னோம்னு..."

வெயிலுகந்தம்மா கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எண் ஞாபகம் இருக்கு" என்றார்.

ஆவுடையப்பன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் போட்ட பட்டாசாலையில், மிஷின் சதுரத்துக்குப் பக்கத்தில்.

உட்கார்ந்தபடியே கேட்டார். "இப்ப நான் என்னம்மா செய்ய?"

"தெரிஞ்சவங்களைக் கேளுங்க."

கரைமேல் மதிய வண்டியின் ஹாரன் கேட்டது.

ஆவுடையப்பன் எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

*

வண்டியில் இடம் இருந்தது. அவர் உட்காரவில்லை. பழக்கதோஷத்தில் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, லீவு நாள்லயுமா?" என்றார் அந்த வண்டி நடத்துநர்.

குளக்கரை முடிந்து வண்டி திரும்பும்போது கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. பை தட்டையாக இருந்தது.

கூழாங்கல்.

அவருடைய கை விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போனது. ஓய்வு நாளிலும் விசில் கழுத்தில்தான் கிடக்கும். ஒரு ஊது ஊதினால் வண்டி நின்றுவிடும். இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம்.

விசில் உதடுவரை வந்தது.

அப்படியே நின்றார்.

இலுப்பை மரம் வளைவில் மறைந்தது. விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

*

உலகம்மாளின் அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"ஞாயித்துக்கிழமைல்லா நான் வர்றேன்னு சொல்லிவிட்டேன், மாப்ளே? அதுக்குள்ள என்ன?"

ஆவுடையப்பன் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே உலகம்மாள் ஒரு ரவிக்கைக்குக் கையால் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

"உலகம்மா."

அவர் நிமிரவில்லை.

"அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம்?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை புருஷனைப் பார்த்தார். பிறகு அண்ணன், இந்த மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல் வீட்டுக்குள் திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

உலகம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"மேக்க."

"மேக்கயா?"

"மலை தெரியணும்னு சொன்னேன். சாரல் அடிச்சா சாத்திக்கிடலாம்னு சொன்னேன். நீங்கதான் கிழக்கே வைக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க."

"ஆமா. நான்தான் கிழக்கு."

"ஆமா."

சொம்பில் தண்ணீர் வந்தது. குடித்தார். உலகம்மாள் அவருடைய சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டு எங்க?"

"வெச்ச இடத்துல விட்டுட்டு வந்துட்டேன்."

"இன்னைக்குக் குலுக்கல்லா?"

"ஆமா."

உலகம்மாள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

"மேஸ்திரி எப்ப வர்றானாம்?" என்றார் உலகம்மாள்.

*

இப்போது தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பதில்லை. சுப்புக்குட்டி அன்று மதியம் 320-ல் முடியும் சீட்டு ஒன்றை வாங்கியிருந்தார். அதை இன்னும் ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். அதில் தேதி இருந்தது.

அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், பழைய நாளிதழ்க் கட்டைக் கேட்டு வாங்கி, மறுநாள் தாளில் முடிவைத் தேடினேன். தாள் பழுப்பாகியிருந்தது. எண்கள் தெளிவாகவே இருந்தன. இரண்டு தடவை பார்த்தேன்.

கடைசி மூன்று எண்கள் 416.